சுகருக்காக வயிற்றில் செய்துகொண்ட ஆபரேஷன்

வயிற்றைச் சின்னதாக்கிக் குடலோடு மாற்றி இணைக்கும் பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவள் நான். ஒல்லியாக வேண்டும் என்று நான் இந்த ஆபரேஷனுக்குப் போகவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இன்றைக்கும் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இருந்தது டைப் 2 சர்க்கரை நோய். இரண்டாவது கர்ப்பத்தின்போது வந்த சுகர், பிள்ளை பிறந்ததும் போய்விட்டு, முப்பத்தாறு வயதில் திரும்ப வந்தது. வந்த ஐந்தாறு வருடத்துக்குள் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள், அப்புறம் காலையும் ராத்திரியும் இன்சுலின் என்று ஏறிக்கொண்டே போனது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.4. விழித்திரையில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் வர ஆரம்பித்துவிட்டதாகக் கண் டாக்டர் சொன்னார். அப்போது என் எடை 98 கிலோ, உயரம் 162 சென்டிமீட்டர்.

இன்சுலினுக்கும் கிளிமிபிரைடுக்கும் எடையைக் கூட்டும் குணம் உண்டு. கூடிய எடை இன்சுலினை வேலை செய்யவிடாது. உடனே இன்சுலின் அளவைக் கூட்டவேண்டி வரும். வ.உ.சி. மைதானத்தில் விடியற்காலை நடந்தேன், சோற்றைப் பாதியாக்கினேன். எடை இறங்கும், சில மாதத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்கும். எடை குறைந்தால் உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு பசியைத் தூண்டும் ஹார்மோனைக் கூட்டும் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று குண்டானவர்களைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இதை ஒருமுறையாவது யோசிக்க வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே டாக்டரிடம் போகத் தயங்குகிற பெண்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர்.

ஆபரேஷன் பேச்சை எடுத்தது எங்கள் சுகர் டாக்டர்தான். வீட்டில் சொன்னதும் சேரன்மகாதேவி ஆச்சி கேட்ட கேள்வி இது: "ஏட்டி, சீனி ரத்தத்துலல்லா இருக்கு, வயித்த எதுக்கு வெட்டணும்?"

ரொம்ப நியாயமான கேள்வி. டாக்டர்களுக்கே பல காலம் இது புதிராக இருந்தது. அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த வால்டர் போரிஸ் என்ற அறுவை மருத்துவர், எடை குறைவதற்காகத் தான் வயிற்றில் பைபாஸ் செய்த நோயாளிகளில் பலருக்குச் சர்க்கரை சில நாட்களிலேயே, எடை இறங்குவதற்கு முன்பே, சரியாகிவிடுவதைக் கவனித்து 1995-ல் எழுதினார். அதன் பிறகுதான் இதைச் சர்க்கரைக்கான வைத்தியமாகவே பார்க்கத் தொடங்கினார்கள்.

ஆச்சிக்கு நான் வாய்க்காலை வைத்துத்தான் சொன்னேன். கன்னடியன் வாய்க்காலில் மடையை மாற்றி, தண்ணீரை நேரே கடைமடைக்கு விட்டால் எப்படி? அதேபோல வயிற்றின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே உள்ள பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். சாப்பாடு சிறுகுடலின் ஆரம்பமான முன்குடலைத் தொடாமல் கீழே போய்விடும். அங்கே உணவு சீக்கிரம் வந்து சேர்ந்தால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் நிறையச் சுரக்கும். அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும், மூளைக்குப் "போதும்" என்று சொல்லும். கொஞ்சமாகச் சாப்பிடுவதால் கல்லீரலில் படிந்த கொழுப்பும் வேகமாகக் கரையும், கல்லீரல் ரத்தத்தில் சர்க்கரையைக் கொட்டுவது குறையும். ஆச்சி கேட்டுவிட்டு, "அப்பம் வயிறும் ஒரு சுரப்பிதான்னு சொல்லு" என்றாள். எண்பது வயதுக்காரி. அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டு வகை ஆபரேஷன்தான் அதிகம் நடக்கிறது. ஸ்லீவ் என்பது வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டுக் குழாய் மாதிரி ஒரு பகுதியை மட்டும் விடுவது. குடலில் கை வைப்பதில்லை. பைபாஸ் நான் மேலே சொன்னது. வெட்டிய வயிறு வெளியே எடுக்கப்படாமல் உள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அதற்குப் போகாது. எனக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் கடுமையாக இருந்தது. ஸ்லீவ் செய்தால் அது கூடக்கூடும், பைபாஸில் பெரும்பாலும் குறையும். சர்க்கரைக்கும் பைபாஸ் கொஞ்சம் தூக்கலாக வேலை செய்யும். ஆனால் சத்துக்குறைவு வரும் அபாயம் பைபாஸில் அதிகம். இந்தக் கணக்கையெல்லாம் சர்ஜன் ஒரு தாளில் படம் வரைந்து காட்டி, முடிவை என்னிடம் விட்டார். படம் வரைந்து காட்ட நேரம் இல்லாத இடத்தில் கத்திக்குச் சம்மதிக்காதீர்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

"ஆபரேஷன் செய்தால் சுகர் நூத்துக்கு நூறு போயிரும்" என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 150 சர்க்கரை நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் ஐந்து வருட முடிவு 2017-ல் வந்தது. எச்பிஏ1சி 6-க்குள் நின்றவர்கள் பைபாஸ் செய்தவர்களில் 100-க்கு 29 பேர், ஸ்லீவ் செய்தவர்களில் 23 பேர், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 பேர். இத்தாலியில் ரோம் நகரத்து ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்ட 40 பேரில் 15 பேருக்குப் பத்து வருடம் கழித்தும் நோய் தணிந்தே இருந்தது. மருந்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசம். ஆனாலும் எல்லோருக்கும் கிடைப்பது இல்லை. சிலருக்குப் போன சர்க்கரை சில வருடம் கழித்துத் திரும்ப வரும். அப்படி வந்தவர்களுக்குக்கூட முன்பைவிடக் குறைந்த மருந்தில் கட்டுக்குள் நிற்பது உண்டு.

யாருக்குக் கிடைக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். கேட்க வேண்டியது முக்கியமாக இரண்டு. சுகர் வந்து எத்தனை வருடம் ஆகிறது? கணையத்தில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது? இரண்டாவதைச் சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை காட்டும். எனக்கு அது நன்றாக இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு அம்பாசமுத்திரத்துச் சித்தப்பாவும் செய்துகொண்டார். அவருக்கு இருபது வருடச் சுகர், பாதி நாள் இன்சுலினில் போனது. சி-பெப்டைடு குறைவு. இன்சுலின் முழுதாக நிற்காது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அப்படியே பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை. முழங்கால் வலி போய்க் கோயில் பிரகாரம் சுற்றி வருகிறார், அவருக்கு அதில் திருப்தி. ஆனால் எனக்கு அவரைப் பார்க்கும்போதெல்லாம், பத்து வருடம் முன்னாடி யாராவது இவரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றும். எல்லா மருந்தும் தோற்ற பிறகு கடைசியாகப் போகிற இடமாக இதை வைத்திருக்கிறோம். கணையம் தேய்ந்த பிறகு குடலை மாற்றிப் போட்டு என்ன பெரிய பலன் கிடைத்துவிடும்? கணையம் இன்சுலினே சுரக்காத டைப் 1 சர்க்கரைக்கு இது வைத்தியம் ஆகாது என்பதும் இதே காரணத்தால்தான்.

அடுத்தது பிஎம்ஐ. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது. எனக்கு 37 சொச்சம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சுகர் வந்துவிடுகிறது. அதனால் 2016-ல் உலக அளவில் 45 மருத்துவ அமைப்புகள் ஒப்புக்கொண்ட அறிக்கையில் ஆசியர்களுக்கு வரம்பைத் தனியாகக் குறைத்தார்கள். 37.5-க்கு மேல் என்றால் சர்க்கரை எப்படி இருந்தாலும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம். 32.5-க்கு மேல் இருந்து மருந்தில் அடங்கவில்லை என்றாலும் பரிந்துரைக்கலாம். 27.5-லிருந்தே, மருந்துக்கு அடங்காதவர்களுக்கு யோசித்துப் பார்க்கலாம். இந்த எண்களை மனசில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் நிறையப் பரிசோதனை. எண்டோஸ்கோபி, தைராய்டு, எக்கோ, வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து. குறட்டை இருந்ததால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்றும் பார்த்தார்கள். மனநல ஆலோசகர் ஒருவர் உட்கார்ந்து பேசினார். கண்ணைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்து, சர்க்கரை மடமடவென்று இறங்கினால், கொஞ்ச காலத்துக்கு அது மோசமாகலாம். அதனால் ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் கண் டாக்டரைப் பார்த்தே தீர வேண்டும். இன்னொன்று, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து இருக்கிறது. மயக்க மருந்து கொடுப்பவரிடம் மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டுபோய்க் காட்டிவிடுவது நல்லது. கடைசி இரண்டு வாரம் கலோரி குறைந்த சாப்பாடுதான், கல்லீரல் சுருங்கி சர்ஜனுக்கு இடம் கிடைப்பதற்காக.

மதுரையில் செய்துகொண்டேன். லேப்ராஸ்கோப்பிதான், வயிற்றில் சின்னத் துளைகள். அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டு நடக்க வைத்தார்கள். காலில் ரத்தம் உறையக் கூடாதே. மறுநாள் காலையில் நர்ஸ் வந்து விரலில் குத்தினாள். இன்சுலின் போடவில்லை, மாத்திரை இல்லை. மீட்டரில் 118. வெறும் வயிற்றில் அப்படி ஓர் எண்ணை நான் பல வருடமாகப் பார்த்ததில்லை. ஆபரேஷன் ஆனதிலிருந்து எடை ஒரு கிலோகூடக் குறைந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் அந்த மீட்டரை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாட்களில் தண்ணீர் குடிப்பதே ஒரு வேலை. இருமல் மருந்து பாட்டிலோடு வருமே, அளவுக் கோடு போட்ட சின்ன பிளாஸ்டிக் மூடி, அதில் 30 மில்லி ஊற்றி, ஒவ்வொரு மடக்காகக் குடித்து முடிக்கக் கால் மணி நேரம். விட்டுவிட்டால் உடம்பில் நீர் வற்றித் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். நாடித்துடிப்பு ஓயாமல் வேகமாக இருந்தாலோ, காய்ச்சல், மூச்சுவாங்கல், தோள்வலி வந்தாலோ, தையல் இடத்தில் கசிவு இருக்கலாம். வீட்டில் காத்திருக்கக் கூடாது. நாங்கள் அந்த வாரங்களில் காருக்குச் சொல்லி வைத்தே இருந்தோம், திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகிவிடுமே.

இரண்டு வாரம் நீராகாரம், அப்புறம் மசித்தது, அப்புறம் குழைந்தது என்று சாப்பாடு படிப்படியாக வரும். இந்தக் கட்டத்தில்தான் அத்தை உளுந்தங்களி கிண்டிக்கொண்டு வந்தார்கள். வறுத்த உளுந்து மாவு, கருப்பட்டிப் பாகு, நல்லெண்ணெய். "ஆபரேஷன் பண்ணின ஒடம்பு, இடுப்புக்குப் பெலம் வேணும்லா" என்று அவர்களே ஊட்டிவிட்டார்கள். இரண்டு உருண்டைகூட முழுதாக இறங்கவில்லை. இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது, வேர்த்துக் கொட்டியது, வயிறு புரட்டியது, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்தேன். டம்பிங் என்று இதற்குப் பெயர். இனிப்பு வயிற்றில் தங்காமல் குடலுக்குள் ஒரேயடியாக இறங்குவதால் வருவது. சிலருக்கு இதோடு முடியாது, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரும். அத்தை பயந்துபோய் அழுதுவிட்டார்கள். மறுநாளிலிருந்து அதே உளுந்தைக் கருப்பட்டி இல்லாமல், உப்பும் பூண்டும் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சித் தந்தார்கள். அந்தக் கஞ்சிதான் என்னைத் தேற்றியது. (கருப்பட்டி சுகரை ஏற்றாது என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. ஏற்றும். அதுவும் சர்க்கரைதான்.)

இப்போது என் தட்டில் முதலில் புரதம். நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது, அதனால் கணக்குப் போட்டே சாப்பிட வேண்டும். காலையில் முட்டை, மத்தியானம் சாளையோ நெத்திலியோ போட்ட அவியல், சாயங்காலம் சுண்டல், ராத்திரி பருப்பும் தயிரும். சொதி வைத்த நாளில் பாசிப்பருப்பையும் காயையும் முதலில் தின்றுவிட்டு, இடம் இருந்தால் சோறு இரண்டு வாய். சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை, அரை மணி கழித்துத்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் இதுதான் கஷ்டம். நாம் மெல்ல மென்றுகொண்டிருக்கும்போதே பக்கத்து இலைகளை மடித்துவிடுவார்கள்.

"சுகர் முத்திட்டோ, இப்படிக் கரைஞ்சு போயிட்டியே" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மெலிந்தால் நோய் என்று பார்த்துப் பழகிய ஊர். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். அதில் எனக்கு அலுப்பே வரவில்லை, ஏனென்றால் கேட்டவர்களில் பாதிப் பேர் வீட்டில் சுகர் இருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு பழைய மாத்திரைகளை அப்படியே விழுங்கக் கூடாது என்பது ரொம்ப முக்கியம். கிளிமிபிரைடும் பழைய அளவு இன்சுலினும் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து ஆபத்தாகிவிடும். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். எழுந்தால் தலை சுற்றுகிறது என்று நான் சொன்னபோது டாக்டர் முதலில் பிரஷர் மாத்திரையைத்தான் பாதியாக்கினார். உடம்புவலிக்கு மெடிக்கல் கடையில் "ஒரு செட் மாத்திரை" என்று வாங்கிப் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதில் டைக்ளோஃபினாக் மாதிரி ஏதாவது இருக்கும். பைபாஸ் செய்த வயிற்றில் அது புண்ணை உண்டாக்கும். "பைபாஸ் செய்திருக்கிறது, வலி மாத்திரை கூடாது" என்று ஓர் அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். மது பழக்கம் உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், இந்த வயிற்றில் சாராயம் வேகமாக ஏறும், பழக்கம் பிடிக்கும் அபாயமும் கூடும். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும்.

மூன்றாம் மாதத்திலிருந்து சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பயந்தேன், ஆனால் ஒரு வருடத்துக்குள் திரும்ப வளர்ந்துவிட்டது. திரும்பாதது சத்துக் கிரகிக்கும் வழி. இரும்பு பெரும்பாலும் முன்குடலில்தான் உடம்பில் சேரும், அந்த வழியைத்தான் அடைத்துவிட்டோமே. பி12 சேர்வதற்கு வயிற்றின் சுரப்பு வேண்டும், அதுவும் குறைந்துவிட்டது. அதனால் மாத்திரை ஆயுள் முழுக்க. கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும், இடையில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். இரும்பு மாத்திரையோடு காபி, டீ கூடாது. ஒழுங்காகப் போட்டும் மாதவிடாயால் என் ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பின் அளவு) தரைமட்டத்துக்கு வந்து, நரம்பில் இரும்பு ஏற்ற வேண்டியதாயிற்று. வருடா வருடம் ரத்தப் பரிசோதனை செய்ய மனசும் வசதியும் இல்லாதவர்கள் இந்த ஆபரேஷனைச் செய்துகொள்ளாமல் இருப்பதே நல்லது. வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் வரலாம், அதற்கும் முதல் ஆறு மாதம் தனி மாத்திரை கொடுத்தார்கள்.

நாலு வருடம் ஆகிறது. எச்பிஏ1சி 6.2, சுகருக்கு ஒரு மாத்திரையும் இல்லை. எடை 64 வரை இறங்கி இப்போது 70-ல் நிற்கிறது. கண்ணில் புதிதாகப் புள்ளி இல்லை. இப்போது இந்தியாவுக்கும் வந்துவிட்ட செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். குடல் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்துகள்தான் அவை. நல்ல பலன் தெரிகிறது, நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது. ஆபரேஷன் பயமாக இருப்பவர்கள் டாக்டரோடு உட்கார்ந்து மாதச் செலவையும் சேர்த்து யோசிக்க வேண்டிய விஷயம் அது.

கடைசியாக நான் சொன்ன எண்களுக்கு வருகிறேன். மதினியின் தம்பிக்கு 31 வயது, சுகர் வந்து இரண்டு வருடம்தான், சி-பெப்டைடு நன்றாக இருக்கிறது, மருந்துக்கு அடங்கவில்லை. பிஎம்ஐ 33. மேலே சொன்ன அறிக்கைப்படி பரிந்துரைக்க வேண்டியவர். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விதியில், பிஎம்ஐ 40, அல்லது அடங்காத சுகர் போன்ற நோயோடு 35 இருந்தால்தான் கம்பெனி பணம் தர வேண்டியது. ஆசியர்களுக்கு என்று தனி வரம்பு அதில் இல்லை. எனக்கு 37 இருந்ததால், முதலில் அழகுக்கான ஆபரேஷன் என்று மறுத்த கம்பெனி, டாக்டர் கடிதத்தோடு மேல்முறையீடு செய்ததும் கொடுத்தது. இவனுக்கு அந்த வழியும் இல்லை. இன்னும் சில கிலோ ஏறிவிட்டு வந்தால் பார்க்கலாம் என்றாராம் ஓர் ஏஜென்ட். சர்க்கரை நோயாளியிடம் சொல்லுகிற வார்த்தையா அது? சர்க்கரைக்கான வைத்தியத்தை எடையால் மட்டும் அளந்தால் இப்படித்தான் ஆகும். நானும் அவனும் சுகர் டாக்டரும் சேர்ந்து கம்பெனிக்கும் ஆணையத்துக்கும் மனு எழுதியிருக்கிறோம். இதே நிலையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள். பிஎம்ஐ, எச்பிஏ1சி, சி-பெப்டைடு, சுகர் வந்த வருடம், இதுவரை சாப்பிட்ட மருந்துகள், டாக்டரின் பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். மறுப்பை வாய்வார்த்தையாக வாங்காமல் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.